லிப்ஸ்டிக் பதிந்த இடம்

— செயற்கைக் கால் செய்யிற பட்டறையில துப்பாக்கியக் கொண்டாந்து வைக்கிறீகளே டீச்சர்... உள்ள குண்டு கிண்டு இருக்கா?

— இல்லக்கா. திறந்தே வச்சிருக்கேன், பாருங்க. போட்டிக்குச் சுடுற ஏர் ரைபிள்தான். அப்புறம்... நான் டீச்சர் இல்ல, கோச்.

— சொல்லிக் குடுத்தா டீச்சர்தேன். டீயக் குடிங்க, உங்க வலப்பக்கம்... அடடா!

— அய்யோ... பாக்கலக்கா. தட்டிவிட்டுட்டேன்.

— இருக்கட்டும். அப்புறமா வேற போட்டுத் தாரேன். துப்பாக்கிக் கட்டை நல்லாத்தான இருக்கு? எதுக்கு மாத்தணும்?

— அது வலக்கைக்காரங்க தோள்ல வச்சுச் சுடுறது. இடக்கைக்கு ஒண்ணு செகண்ட்ஹேண்டுல வாங்கிருக்கேன். அதே மாடலுக்குள்ளதுன்னுதான் குடுத்தவன் சொன்னான்.

— யாருக்கு?

— என்... ஸ்டூடண்ட். ஒச்சம்மாள்னு. ஞாயித்துக்கிழமை மாநில செலக்‌ஷன். இது பொருந்தலேன்னா அவ சுடுறதே முடிஞ்சிரும்க்கா.

— ம்... அதுக்கு ஆனையூர்ல இருந்து அவனியாபுரத்துக்கா? அங்கிட்டு ஆசாரி இல்லியா?

— மூணு பேரப் பாத்தாச்சு. "இறுக்குனா உக்காந்துரும்"ங்கிறாங்க. உங்ககிட்ட கால் வாங்குன போஸ்ட்மேன், மூணு மாடி ஏறி வந்து தபால் குடுக்கிறாரு. அவருதான் உங்க பேரச் சொன்னாரு.

— கருத்தக்கண்ணனா! என்கிட்ட ஒருநா நல்ல வார்த்தை சொன்னதில்ல, அந்தாளு... சரி, கொண்டாங்க. திருகு ஓட்டை ரெண்டும்... மயிரிழை மாறல. டிரிகர் எறங்குற வெட்டும் சரி. குண்டு போடுற லிவர் இடிக்காமத் திறக்குது.

— அப்ப மாட்டிரலாமா?

— பறக்காதீக. ஓட்டை சரியா இருந்தா பொருந்திருச்சுன்னு அர்த்தமா? குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல என்ன இருக்கணும்?

— ஒண்ணும் இருக்கக் கூடாதுக்கா. எங்கயாச்சும் தொட்டா, ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும்.

— வந்த பஸ் டிக்கெட்டக் குடுங்க.

— டிக்கெட்டா?

— நடுவுல விட்டு இழுக்கேன்... போகுது... போகுது... ஆங். நின்னுருச்சு. இங்கிட்டுத்தேன் எங்கயோ தொடுது.

— கண்ணுக்கே தெரியலியே!

— கண்ண நம்பி நான் கால் செய்யிறதில்ல. அந்த டப்பாவுல லிப்ஸ்டிக் கெடக்கும், எடுங்க.

— உங்களுக்கா?

— ஏன், நான் பூசுனா ஆகாதா? கால் எடுத்தவுக மிச்சக் கால்ல தடவி உள்ள விடச் சொல்லுவேன். எங்க அழுத்துதோ அங்க செவப்பு ஒட்டிரும். வலிக்கிற எடத்த அவுகளுக்கே சொல்லத் தெரியாது. இது சொல்லிரும்... குழல்ல தடவியாச்சு. வைக்கேன்... எடுக்கேன்... பாருங்க.

— அய்யோ... ஒரு அரிசி அளவு!

— அம்புட்டுத்தேன்.

— இதுக்காகவா நாலு மாசமா நான்... அவ அழுதா...

— ம். உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன். ஊதுங்க.

— என்னக்கா? பிளேன் போகுது, கேக்கல!

— ஊதுங்கன்னேன்! தூளெல்லாம் போகட்டும்... இப்பத் திருகி இறுக்கியாச்சு. டிக்கெட்ட நீங்களே இழுங்க.

— போகுது... போகுது... அக்கா, கடைசி வரைக்கும் போகுது! இம்புட்டு இரும்பு, அப்பிடியே மெதந்துக்கிட்டு இருக்கு. எனக்குப் புல்லரிக்குதுக்கா.

— இருவது வருசமா இந்த வேலைதேன் பாக்கேன். ஒண்ணு சரியா உக்காந்தா இன்னமும் எனக்கு அப்பிடித்தேன்... இந்தாங்க, டீ. இங்கிட்டு வைக்கேன். இனி ஒச்சம்மாளக் கூட்டியாங்க. கன்னம் வைக்கிற பலகைய ஆளப் பாத்துத்தேன் வைக்கணும்.

— அவ... வர முடியாதுக்கா. என் அளவுக்கே வைங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்.

— கன்னங்கூடவா?

— ...ஆமா.

— சரி, சொவத்துக் காலண்டரப் பாத்துப் பிடிங்க. கன்னத்தச் சாய்ங்க... இன்னும் கொஞ்சம்... இடக்கண்ணுக்கு நேரா வந்துச்சா?

— வந்துருச்சு. அசையாம நிக்குது... அக்கா, ராகுகாலம் போட்டிருக்கிறதுகூடத் தெரியுது! இனிமே இப்பிடி ஒரு தடவை பாப்பேன்னு...

— கட்டையில ஈரம் படப் போகுது.

— தூசிக்கா.

— தூசிதேன்.

— ஞாயித்துக்கிழமை ஒச்சம்மாள் ஜெயிச்சா மொதல் ஸ்வீட் உங்களுக்குத்தான்.

— கால் கேட்டு வாரவுகள்ல பாதிப் பேரு, மொத நாளு "தெரிஞ்சவுக ஒருத்தருக்கு"ன்னுதேன் கேப்பாக, டீச்சர். நானும் அவுகளாச் சொல்லுற வரைக்கும் தெரிஞ்சவுகளுக்கே அளவெடுப்பேன்... டீயக் குடிங்க. இந்தத் தடவை இடப்பக்கந்தேன், உங்களுக்குக் கண்ணு தெரியிற பக்கமா வச்சிருக்கேன்.