கோட்டைக் காவலனின் கட்டம்

பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன், சார். ஷார்ப்னரில் போட்டால் முனை உடைந்துபோகிறது. உங்கள் மேசைமேல் இருக்கும் இந்தப் பென்சிலும் நான் சீவியதுதான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் நடத்துகிறேன். வரதன் என் மனைவி அம்முலுவின் தம்பி. ரிப்பேர் வேலையெல்லாம் அவன்தான். மந்திரக் கோட்டை விளையாட்டில் வருகிறவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கடைக்கு வருகிறவர்களுக்குள் தினமும் தகராறு. அதைத் தீர்க்கத்தான் சுவரில் ஒன்பது கட்டம் போட்ட தாளை ஒட்டினேன். நல்லவர், நடுவில் நிற்பவர், கெட்டவர் என்று குறுக்கே. சட்டப்படி நடப்பவர், சமயம்போல நடப்பவர், சட்டத்துக்கு அடங்காதவர் என்று நெடுக்கே. கொள்ளையடித்து அநாதைகளுக்குச் சோறு போடும் வில்லுக்காரி, அடங்காத நல்லவள். அதில் எல்லோருக்கும் சம்மதம்.

கோட்டைக் காவலனால்தான் வம்பு. ராஜா சொன்ன நேரத்துக்கு முன்னால் அவன் கதவைத் திறக்க மாட்டான், வெளியே ஊர் பற்றி எரிந்தாலும். அவனைச் சட்டப்படி நடக்கும் நல்லவராக நான் எழுதியிருந்தேன். வரதன் அதை அழித்துக் கெட்டவர் கட்டத்தில் எழுதினான்.

“ஊரே வெந்துகினு கீது, இவன் மணி பாத்துகினு நிக்கிறான். இவன் நல்லவனா மாமா?”

பக்கத்திலேயே கலைச்செல்வன் என்று என் பெயரையும் எழுதினான். “நீயும் இதே ரகம்தான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு வலித்தது, சார். நேரம் தவறாமல் கடை திறப்பவன் நான். யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். மாற்றச் சொல்லி நான்கு நாள் கேட்டேன். “இன்னா மாமா, வெளாட்டுக்குப் போய் பேஜார் பண்றியே” என்றான்.

வியாழக்கிழமை மதியம் கீபோர்டு எடுக்கப் பின்னறைக்குள் போனான். கதவை வெளியே பூட்டினேன். சுவரில் இருந்த தாளையும் பென்சிலையும் கதவுக்கு அடியில் தள்ளினேன். யோசித்து எழுது, நாலு மணிக்குத் திறக்கிறேன் என்றேன்.

இரண்டு மணிக்கு வழக்கம்போல கரண்ட் போனது. கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவது கடை வழக்கம், போட்டேன். அது பின்னறை ஜன்னலை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அந்த ஜன்னலுக்குக் கம்பி மட்டும்தான், கதவு கிடையாது. புகை முழுக்க உள்ளே போகும். அதனால் ஜெனரேட்டர் ஓடும்போது அங்கே யாரையும் விடுவதில்லை.

“மாமா, பொக மாமா. மூச்சு வுட முடியல. தொற மாமா.” கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

விளையாடிக்கொண்டிருந்த இருவரும் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார்கள். இரண்டே முக்காலுக்குத் தாள் வெளியே வந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் நாலு மணி என்று சொல்லியிருந்தேனே. சொன்ன சொல் மாறினால் நான் எந்தக் கட்டத்தில் நிற்பேன்? கதவுக்கு அடியில் புகை கசிந்து, விளையாடிக்கொண்டிருந்தவர்கள் இருமினார்கள். ஈரச் சாக்கை மடித்து அந்த இடுக்கை அடைத்தேன். அப்போது தட்டுவது நின்றிருந்தது.

சரியாக நாலு மணிக்குத் திறந்தேன். வரதன் கதவோரம் விழுந்து கிடந்தான். உயிர் இல்லை.

அம்முலு என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள். அவளிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள், இன்ஸ்பெக்டர் சார். சட்டப்படி நடக்கும் நல்லவர் கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. காவலனையும் கூடவே மாற்றியிருக்கிறான். அதை நான் கேட்கக்கூட இல்லை. எழுத்து கோணலாக இருந்தாலும் வரதன் எழுத்துதான். யாரும் வற்புறுத்தவில்லை, அவனாகவே யோசித்து எழுதியது.