ஆஸ்டின் முடியும்வரை

காபியில் இனிப்புத் தூக்கலாக இருந்தால் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. என் சம்சாரம் வடிவு போனதிலிருந்து நானே போட்டுக் குடிக்கிறேன். அளவு இன்னும் பிடிபடவில்லை. நல்லையாவைப் பற்றிக் கேட்கத்தான் இந்த நாயுடுபுரம் மேட்டில் ஏறி வந்திருக்கிறீர்கள். கேளுங்கள். ஒளித்து மறைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் எதுவும் விளங்காது. முப்பத்தாறாம் வருஷத்து ஆஸ்டின். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் இந்த வீட்டோடு சேர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பேரிக்காய் மரத்தடியில் கிடந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. மட்கார்டைத் தொட்டால் அப்பளமாய் நொறுங்கும். பழனியிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம், "ஏலே தண்டபாணி, பழைய இரும்பு ஏவாரம் எப்பலே ஆரம்பிச்ச?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே வண்டியில் போய் அவர்கள் வாசலில் இறங்க வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது. அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஷெட் கட்டினேன்.

எழுபத்தாறில் நல்லையா வந்தான். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் லாரிகளைத் தட்டி நிமிர்த்திய ஆள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் இவனுக்கு மட்டும் பாஸ்போர்ட் முதலில் வந்து, இவனைக் கப்பலேற்றிவிட்டார்கள். பெண்டாட்டி வேலம்மாளும் கைக்குழந்தையும் அக்கரையில். அவர்கள் பின்னால் வருவதாக ஏற்பாடு. பேத்துப்பாறைப் பக்கம் மரப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவனை நான்தான் கூட்டி வந்தேன். ஷெட்டை ஒட்டி ஓர் அறை கொடுத்தேன், கம்பளி கொடுத்தேன். நான் சாப்பிட்டதைத்தான் அவனும் சாப்பிட்டான்.

கை என்றால் அப்படி ஒரு கை ஐயா. தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவான். நாலாவது தட்டுத் தகரத்தில் விழாது, பக்கத்து இரும்பில் சும்மா விழும். ஏன் என்று கேட்டேன். "கை கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க ஐயா" என்றான்.

அவனுக்கு எழுத்துக்கூட்ட வராது. வேலம்மாள் எழுதுவாள். கடிதம் என் விலாசத்துக்கு வரும், நான் படித்துக் காட்டுவேன், அவன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்பான். பிள்ளைக்குப் பல் முளைத்தது, நடை பழகியது எல்லாம் என் வாயால் கேட்டுத்தான் அவனுக்குத் தெரியும். சில நாள் அதே கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்வான். சலிக்காமல் படிப்பேன்.

எழுபத்தேழு ஆனியில் ஒரு கடிதம் வந்தது. பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, அடுத்த மாதக் கப்பலில் வருகிறோம், மண்டபம் முகாமுக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் வராவிட்டால் சர்க்கார் அனுப்புகிற இடத்துக்குத்தான் நாங்கள் போக வேண்டும் என்று எழுதியிருந்தாள். நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வண்டி எலும்புக்கூடாய் நிற்கிறது. நாலு கதவும் கழன்று கிடக்கிறது. இவன் மண்டபம் போனால் குடும்பத்தோடு எங்கேயாவது வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். திரும்பி வருவானா? கடிதத்தை அலமாரியில் வைத்தேன். கிழிக்கவில்லை. வண்டி முடிந்ததும் கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

ஆவணியில் சிலோனில் கலவரம் என்று பேப்பரில் வந்தது. டீக்கடையில் யாரோ படித்ததைக் கேட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். "ரெண்டு மாசமா கடதாசியும் வரல்லைங்களே ஐயா. நான் மண்டபம் போயி வெசாரிச்சுட்டு வெரசா வந்துர்றேங்க" என்றான்.

அந்த வாரம்தான் வேலம்மாளின் அடுத்த கடிதம் வந்திருந்தது. முகாமில் இருபது நாளாக உட்கார்ந்திருக்கிறாளாம். கேட்டுக்குள் நுழைகிற ஆம்பிளை ஒவ்வொருவரையும் காட்டி, "அதுவா அப்பா?" என்று பிள்ளை கேட்கிறதாம். அந்தக் கடிதத்தை எடுத்து வந்து அவன் முன்னால் பிரித்துப் படித்தேன். படித்தது அதில் இருந்ததை அல்ல. தோட்டத்துக் கங்காணி எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள், வேலம்மாளும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள் என்று முடித்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது, எனக்கே ஆச்சரியம்.

அழுது முடித்துவிட்டு, "அந்தக் கடதாசிய நான் வச்சுக்கிறேங்க ஐயா" என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வேறு யாரிடமாவது காட்டிவிடுவானோ என்று இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. காட்டவில்லை. சாவுச் சேதியை இன்னொரு தரம் படித்துச் சொல்லுங்கள் என்று யார் கேட்பார்கள்?

துக்கத்தை முறையாகக் கழிக்க வேண்டும் இல்லையா? பதினாறாம் நாள் நானே அவனைப் பழனிக்கு அழைத்துப் போனேன். சண்முக நதியில் மொட்டை போடவைத்து, எள்ளும் தண்ணீரும் விடவைத்தேன். இறந்த திதி தெரியாதே ஐயா என்றான். வருஷா வருஷம் ஆடி அமாவாசையில் கொடுத்துவிடு, கணக்குப் பார்க்கிற சிரமம் இருக்காது என்றேன். சடங்கு செய்தவர் பிள்ளையின் பெயரைக் கேட்டபோது இவனுக்கு நாக்குப் புரளவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், இராசாத்தி என்று. முழங்கால் தண்ணீரில் கடைசிவரை அவன் பக்கத்திலேயே நின்றேன். கூடப்பிறந்தவன்கூட அப்படி நிற்க மாட்டான்.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாளும் இல்லை, கிழமையும் இல்லை. ஊருக்குப் போகிறேன், கடிதம் வந்ததா என்ற தொணதொணப்பும் நின்றது. எண்பதில் வண்டி ஓடியது. பழனிக்குப் போய் இறங்கினேன். சிரித்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். ஆனால் மலை ஏறும்போது வெயிலில் பார்க்கிறேன், இடது பக்கம் பெயிண்டில் ஒரு மங்கல். முழுக்கச் சுரண்டச் சொன்னேன். எண்பத்திரண்டில் மறுபடியும், அப்புறம் இன்னொரு தரமும் சுரண்டச் சொன்னேன். ஒரு வேலை என்று எடுத்தால் சுத்தமாக இருக்க வேண்டும்.

போன தையில் வேலம்மாள் வந்தாள். கோத்தகிரிப் பக்கம் தேயிலையில் வேலையாம். பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண். கேட்டில் நின்றுகொண்டு, "நல்லையாங்கிறவரு இங்கதானுங்களே இருந்தாரு?" என்றாள். நெற்றியில் பெரிய பொட்டு. "எங்கள வேண்டாமின்னு விட்டுட்டாருன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேங்க. புள்ள பெருசாகுது. ஒருக்கா நேர்ல கேட்டுட்டுப் போயிரலாமின்னு வந்தேன்."

எழுபத்தெட்டிலேயே காய்ச்சலில் போய்விட்டான் அம்மா என்றேன்.

அவள் அழவில்லை. பின்னால் ஷெட்டில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அது யாருங்க தட்டுறது?"

"கூலி ஆள்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "அவரும் இப்புடித்தாங்க. மூணு தட்டிட்டு ஒண்ணு சும்மா தட்டுவாரு."

"பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு" என்றேன்.

அப்புறம்தான் முந்தானையை எடுத்துப் பொட்டைத் துடைத்தாள். பிள்ளை ஷெட் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப, எங்கள வேண்டாமின்னு விடல்லைங்களே ஐயா?" என்று வேலம்மாள் கேட்டாள். இல்லை அம்மா, கடைசி மூச்சுவரை உன் பெயர்தான் என்றேன். குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பஸ் ஸ்டாண்டுவரை நானே கூடப் போய் ஏற்றிவிட்டேன். ஆறுதலாகத்தான் அனுப்பினேன் ஐயா.

குடும்ப அட்டையில் புருஷன் பெயரை எடுப்பதற்கு இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. என் சம்சாரத்துக்கு நானே வாங்கியிருக்கிறேன், இருந்தும் தோன்றவில்லை. அவள் எழுதிக் கேட்டிருக்கிறாள், பதிவேட்டில் அப்படி ஒரு சாவே இல்லை என்று பதில் போயிருக்கிறது. அவள் உங்களிடம் வந்துவிட்டாள். தாயும் மகளும் இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறீர்கள். நல்லது, வெயிலில் நிற்க வைக்கவில்லையே.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை உண்டோ அதற்கும் வருகிறேன். ஒரே ஒரு உதவி. இப்போது ஷெட்டுக்குள் போகாதீர்கள். கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருக்கிறான், பாதியில் கை எடுத்தால் கோடு விழுந்துவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். காய்ந்ததும் நானே போய், உன் பெண்டாட்டியும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்களப்பா என்று சொல்கிறேன். அவன் வீட்டுச் சேதி எல்லாவற்றையும் என் வாயால்தான் கேட்டுப் பழக்கம் அவனுக்கு. வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டான்.