தோ சொல்றேன்

— போன்ல வட்டம் இன்னும் சுத்திகினே கீது விமலு. எந்த போட்டுல எவ்ளோ மீனுன்னு தெரிஞ்சாத்தான நான் ஐஸுக்கு சொல்ல முடியும்? ஆப்பு எழுதித் தரேன்னு சொல்லி எனக்கே ஆப்பு வெச்சிட்ட.

— கேளு மாயா. எல்லா போட்டுக்கும் ஒரே நேரத்துல கேள்விய அனுப்பிட்டு, பதிலு வர்ற வரைக்கும் அது வேற வேலயப் பாக்கும். காத்துகினு நிக்காது.

— இங்க நிக்குதே.

— லட்சுமணன் அண்ணன் போட்டு பதிலு சொல்லல. எல்லா பதிலும் வந்தாத்தான் கணக்கக் காட்டும்.

— அதுக்கு ஒரு கெடு வெக்க மாட்டியா?

— வெச்சிகீறேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லன்னா கழட்டி வுட்டுரும்.

— அப்புறம் ஏன் கழட்டல?

— அவுரு மீன் கணக்க சொல்லாம, 'தோ சொல்றேன்' பட்டன அமுக்கிகினே கீறாரு. சத்தம் வந்தா கெடு மறுபடி மொதல்லேர்ந்து ஓடும்.

— அந்த பட்டன வெச்ச மவராசன் யாரு?

— நாந்தான்.

— அதான பாத்தேன். உங்கம்மாகிட்ட நம்ம விஷயத்த சொல்லிட்டியா?

— தோ, அதத்தான் சொல்ல...

— பாரு, பட்டன அமுக்கிட்ட. பொங்கல்லேர்ந்து இதே பாட்டு. உன் கொரலு கேட்டா நானும் லூசு மாதிரி மொதல்லேர்ந்து காத்துகினு குந்திக்கிறேன்.

— உங்கப்பாவ நெனச்சா கால் நவுர மாட்டேங்குது மாயா.

— எனக்கு மட்டும் பயமில்லியா? சரி, லட்சுமணன் அண்ணன இன்னா பண்ணப் போற?

— மொத்தத்துக்கும் சேத்து ஒரு கெடு. நடுவுல எத்தினி 'தோ' சொன்னாலும் சரி, நேரம் ஆயிட்டா அவர வுட்டுட்டு அடுத்த போட்டுதான்.

— நல்லா கீது. எங்கப்பாவும் அதான் பண்ணிகீறாரு. இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும்தான் உனக்கு. தேசப்பன் மாமா வூட்லேர்ந்து பொண்ணு கேட்டு வராங்க.

— இன்னிக்கேவா?

— படியில செருப்பு சத்தம் கேக்குது. அடுத்த போட்டு வந்துருச்சி விமலு. நான் வெக்கிறேன்.

— இரு, இரு. யாரு ஏறுறாங்க, எட்டிப் பாத்து சொல்லு.

— ஒரு அம்மா. தனியாத்தான் வருது. தட்டுல பூவு, பழம். மூச்சு வாங்கிகினு யாரையோ திட்டுது.

— இன்னான்னு திட்டுது?

— 'என்ன மட்டும் மேல ஏத்திவுட்டுட்டு, கீழ பைக்காண்ட நின்னுகினு போன் பேசுது பாரு கஸ்மாலம்'னு... விமலு?

— கதவத் தொற மாயா. அது எங்கம்மா. நான் தோ, வந்துகினே கீறேன்.