நிமலன் சொன்னதை மட்டும் கொடுத்தேன்

எனக்கு யாரையும் அதட்டி வேலை வாங்கத் தெரியாது. நாடு விட்டு வந்து ஒனிஹங்காவில் நான் நடத்தும் குளிர்பதனக் கிடங்கில் எல்லோருக்கும் நான் அண்ணன்தான். தீபாவளிக்கு லீவு கொடுப்பேன், பிரியாணி வாங்கிப் போடுவேன்.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தால், சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் வண்டியைத் தானாக நிறுத்திவிடும். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிற இடத்தில் அது பெரிய இம்சை. அந்த சுவிட்சைத் துண்டிக்கச் சொன்னது நான். துண்டித்தது சூப்பர்வைசர் நிமலன், யாழ்ப்பாணத்துக்காரன். வேண்டாம் அண்ணை என்று கொஞ்ச நாள் முனகிவிட்டுத்தான் செய்தான். பிறகொரு நாள் டிரைவர் கதிர் இறங்கியபோது வண்டி நிற்காமல் நகர்ந்து, அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிக் கொன்றுவிட்டது. பாவம், நல்ல வேலைக்காரன்.

போலீஸ் விசாரணை தொடங்கியதும் கம்பெனிக்காக மஹதியை வக்கீலாக வைத்தேன். வழக்குக்காக அவள் எங்களை விசாரித்து எழுதுகிற குறிப்புகளைப் போலீஸ் கேட்டு வாங்க முடியாது. அந்தப் பாதுகாப்பு கம்பெனிக்கு உரியது, நிமலனுக்கு அல்ல. நான் நினைத்தால் அதை விட்டுக்கொடுத்து, குறிப்புகளைப் போலீசிடம் கொடுத்துவிடலாம். இதை அவள் அவனிடமும் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவன் தலையாட்டினான்.

அதற்கு முன்பே நான் அவனிடம் தமிழில் பேசியிருந்தேன். "என் பேரை இழுக்காதப்பா. நீயா செஞ்சதாவே சொல்லிடு. வக்கீல்கிட்ட சொல்றது வெளிய போகாது. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஓம் அண்ணை. உங்களை நம்பித்தானே இருக்கிறன்," என்றான். மஹதியிடம் அப்படியே சொல்லவும் செய்தான்.

என் முறை வந்தபோது நான் மஹதியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வக்கீலிடம் மறைப்பது எனக்குப் பிடிக்காது.

போலீஸின் பார்வை என் பக்கம் திரும்பியதும், நிமலன் சொன்னதை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். மஹதிக்கு முகம் சிவந்துவிட்டது. "கொடுத்தா ரெண்டையும் கொடுங்க அங்கிள், இல்லாட்டி ரெண்டும் வேண்டாம். இதுக்கு நான் ஆள் இல்ல," என்று வழக்கை விட்டே விலகிவிட்டாள். ஆனால் என் அனுமதியில்லாமல் அவளால் வாய் திறக்க முடியாது. அடுத்து வந்த வக்கீலிடம் நிமலனுடையதை மட்டும் கொடுத்தேன். அவர் அதைப் போலீசிடம் சேர்த்தார்.

கோர்ட்டில் நிமலன், அண்ணைதான் செய்யச் சொன்னவர் என்று அழுதான். முன்பு ஒரு மாதிரி, இப்போது ஒரு மாதிரி பேசுகிறவனை யார் நம்புவார்கள், நீங்களே சொல்லுங்கள். இப்போது சிறையில் இருக்கிறான். வெளியே வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

போன வாரம் அவன் மனைவி பூங்கோதை மவுண்ட் ஆல்பர்ட்டில் என் வீட்டுக்கே வந்தாள். டீ கொடுத்தேன், தொடவில்லை.

"அண்ணை, நீங்கள் சொன்னதையும் அந்த வக்கீலம்மா எழுதி வச்சிருப்பா எண்டு இவர் சொல்லுறார். அதையும் குடுத்தால் இவரை விட்டிடுவினமோ? பிள்ளை அப்பா எங்கே எண்டு கேட்டபடியே இருக்குது," என்று அழுதாள். எனக்கும் மனசு தாங்கவில்லை.

"சட்டத்துல அதுக்கு வழியில்லம்மா," என்றேன்.

வழி இருக்கிறது. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் வீண் ஆசையை வளர்த்துக்கொண்டு அந்தப் பெண் இன்னும் கஷ்டப்படக் கூடாது. அவள் நிம்மதிக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.