மறுநாள் காலையில் வாசித்த கடிதம்

கடிதம் எழுதுவதில் எனக்கொரு பழக்கம் உண்டு. முதலில் பென்சிலால் எழுதுவேன். மறுநாள் காலை, தேநீருக்கு முன் அதை வாசித்து, கோபம் தெரியும் சொற்களை அழித்துவிட்டு, மையினால் படியெடுப்பேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும், எழுதிய எந்தக் கடிதத்துக்காகவும் நான் வருந்த நேர்ந்ததில்லை.

அவற்றில் ஆறு ஆண்டுகள் நைஜீரியாவில் கழிந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து எங்களில் பலர் அக்காலத்தில் அங்கே படிப்பிக்கப் போனோம். யொருபா மக்களின் சிற்றூர் ஒன்றில், 1978இல், அடெலானி என்ற பதின்மூன்று வயது மாணவனை நானே பதிவேட்டில் சேர்த்தேன். அவனைக் கூட்டிவந்த தகப்பனார் அவ்வூர் அரச குடும்பத்தவர். தோளில் கைவைத்து, “இவன் என் பிள்ளை” என்றார். தாயார் ஞாயிறுதோறும் எனக்கு இடித்த கிழங்கும் குழம்பும் அனுப்புவார்.

2009 மே பத்தொன்பதாம் திகதி, இப்போது ரொறன்ரோவில் வசிக்கும் அடெலானி, அதே நகரின் அஜின்கோர்ட் பகுதியில் நாங்கள் குடியேறியிருந்த வீட்டுக்குக் கேக் ஒன்றுடன் வந்தான்.

“உங்கள் போர் முடிந்துவிட்டதாம், சேர். கடவுளுக்கு நன்றி,” என்றான் ஆங்கிலத்தில். “எங்கள் நாட்டுப் போர் முடிந்தபோது எனக்கு ஐந்து வயது. தெருவெல்லாம் ஆடினோம்.”

என் தங்கை யூஜினியும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் முள்ளிவாய்க்காலில் இறந்த செய்தி எங்களுக்கு முதல் நாள்தான் வந்திருந்தது.

பிறகு அவன் வந்த காரியத்தைச் சொன்னான். ஊரில் மன்னர் காலமாகிவிட்டார். பட்டம் இம்முறை அவன் குடும்பத்துக்கு உரியது. ஆனால் அவன் தாயின் முதல் மணத்துப் பிள்ளை, அரச இரத்தமில்லை என்று போட்டியாளர்கள் வழக்காடுகிறார்கள். தகப்பனார் உயிருடன் இல்லை; பள்ளிப் பதிவேடும் தீயில் போய்விட்டது. மன்னரைத் தெரிவுசெய்யும் மூப்பர்களுக்கு, அன்று கண்டதை நான் எழுதவேண்டும்.

அவன் போனபின் என் மனைவி அன்ரனெற் கேட்டாள்: “ஏனப்பா எங்கட செத்தவீட்டை அவனுக்குச் சொல்லேல்லை?”

“சொல்லி?”

“பாவம், தெரியாமல் கதைச்சிட்டான். எழுதிக் குடுங்கோ. உங்களுக்குக் கிழங்கு தந்த மனுசியின்ர பிள்ளையெல்லே.”

“ஓம், எழுதுறன்.”

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதையொன்றில், ஒரு கல்லுக்காகச் சண்டையிடும் இரு தவளைகள் நாரையிடம் நீதி கேட்டுப் போகும். நாரை பொறுமையாகக் கேட்கும். என் கதையில் அந்த நாரைக்குப் பசித்ததே இல்லை.

பென்சிலால் எழுதினேன்: சிறுவனைக் கூட்டிவந்தவர் அரச குடும்பத்தவர் அல்லர், தாயின் முதற் கணவர், தகப்பன் என்று தம்மையே பதியச் சொன்னார். மறுநாள் காலை வாசித்தேன். கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே எதையும் அழிக்காமல் படியெடுத்து, உறையை ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன்.

ஒரு மனிதனுக்கு ஓர் இருக்கை கிடைக்காமற் போவது இழப்பாகுமா? எங்களுக்கு எல்லாம் போன மறுநாள் அவன் கேக் கொண்டுவந்தான்.

மூப்பர்கள் அவன் பெயரை நீக்கினார்கள். பின்னர் நடந்ததை அவனே தொலைபேசியில் சொன்னான். எழுபத்தெட்டு வயதுத் தாயாரை அரண்மனை முற்றத்தில் நிறுத்தி, இவன் யாருக்குப் பிறந்தவன் என்று கேட்டார்களாம். சந்தைப் பெண்கள் பாட்டுக் கட்டினார்களாம். அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், உண்ண மறுத்தார், மூன்று வாரத்தில் இறந்தார்.

என் பக்கம் நால்வர். அவன் பக்கம் ஒருவர். நான் அதிகம் கேட்கவில்லை.

ஜனவரியில் அடெலானி மறுபடி வந்தான். யூஜினியைப் பற்றி அன்ரனெற் அவனிடம் சொல்லியிருந்தாள். பனி உருகி ஈரமாயிருந்த வாசல் விரிப்பில், தன் ஊர் வழக்கப்படி நெஞ்சு நிலத்தில் பட விழுந்தான்.

“சேர், சாவு வீட்டில் நின்று ஆட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். உங்கள் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். நான்கு பெயர்களையும் வாசிப்பார்கள். உங்கள் கடிதத்தையும் யாரோ வழியில் மாற்றிவிட்டார்கள், சேர். எங்கள் ஊருக்காக வெட்கப்படுகிறேன்.”

செய்த தவற்றை உணர்ந்து தானாக வந்து ஈடுசெய்பவர்கள் அரிது. அவனைத் தூக்கி நிறுத்தினேன். மனதார மன்னித்தேன்.