ஐந்தாவதாக வருகிறவளுக்காக நின்றவருக்கு

சபைக்கு வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? முழங்கால்கள் எப்படி இருக்கின்றன? பழைய ஓட்டக்காரிகளிடம் முதலில் அதைத்தானே கேட்க வேண்டும்! விருந்துக்குச் சுட வைத்த ஹாட்டிஷ் பதார்த்தம் ஆறுவதற்குள் இந்த மடலைப் படித்துவிடுகிறேன். ஆறிவிட்டால் என்னைத் திட்டாதீர்கள், கோச்சைத் திட்டுங்கள். நாற்பது ஆண்டு உழைத்தவரை நாலு வரியில் எப்படிப் பாராட்டுவது?

காடு மேடெல்லாம் ஓடும் ஹாலன் பல்கலைக்கழகப் பெண்கள் கிராஸ் கன்ட்ரி அணியின் கோச், மார்லிஸ் ஹாகன் அவர்களே!

சேற்றிலும் சளைக்காத செம்மலே! மின்னசோட்டாப் பனியிலும் பணியாத பெருந்தகையே! ஐந்தாவதாக வருகிறவளுக்காக முதல் ஆளாய் வந்து நின்றவரே!

1974 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது உங்களுக்கு இருபத்து நான்கு வயது. ஆண்கள் அணி கழித்துப்போட்ட பனியன்களை ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு, தீவன லாரியின் பின்னால் ஏறி, முதல் போட்டிக்குப் போனோம். வேகமான பெண்களாகப் பார்த்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள். நான் கோட்டுகளைப் பிடித்துக்கொள்ளப் போனவள். நான்கு பேரும் முதல் நான்கு இடத்தில் வந்தார்கள். கத்திக் கத்தி என் தொண்டையே போய்விட்டது. முடிவுப் பலகையைப் பார்த்தால் எங்கள் அணியின் பெயரே இல்லை.

ஒரு அணியில் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டித்தான் புள்ளி போடுவார்கள், ஐந்தாவது ஆள் இல்லையென்றால் அணியே இல்லை என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் ஆண்கள் அணிக் கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாலு பேருன்னா அது டீம் இல்லம்மா, சீட்டாட்டம். உக்காந்து ஆடுங்க!"

"சிரிச்சு முடிச்சாச்சா? அடுத்த வாரமும் இதே எடத்துல நில்லுங்க," என்றீர்கள்.

திரும்பும் வழியில் லாரியில் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஜோலீன், உனக்கு ஓட வருமா?"

"பஸ்ஸப் பிடிக்கக்கூட ஓட மாட்டேன் கோச்."

"ரொம்ப நல்லதா போச்சு. கெட்ட பழக்கம் எதையும் மாத்த வேண்டியதில்ல."

அடுத்த வாரம் நான் கடைசியாக ஓடினேன். முடிவுக் கோட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். மற்ற கோச்சுகளெல்லாம் ஜெயித்தவர்களைச் சுற்றி நிற்க, நீங்கள் மட்டும் கடைசி மேட்டின் அடியில் சேற்றில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"ஜோலீன்! கோடு எங்கயும் ஓடிப்போயிடாது! நீ வா!"

வந்தேன். பலகையில் எங்கள் பெயரும் வந்தது. அன்று சாப்பாட்டில், பசியோடு பாய்ந்த மற்ற நால்வரையும் தடுத்தீர்கள். "மொதல் தட்டு இவளுக்கு. இவ வரலேன்னா நீங்க யாருமே ஓடலேன்னுதான் அர்த்தம்." அன்றிலிருந்து இன்றுவரை ஹாலனில் முதல் தட்டு ஐந்தாமவளுக்குத்தான்.

அப்பாவின் பால்பண்ணை நொடித்தபோது நான் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டேன். துணி அறையில் எனக்கு வேலை வாங்கித் தந்தவர் நீங்கள். அன்று முதல் இந்த அணியின் சேறு முழுவதையும் துவைத்தவள் என்கிற உரிமையில்தான் இந்த மடலை என்னை எழுதச் சொன்னார்கள். கோல்ஃப் மைதானத்தில் பெண்கள் ஓடக் கூடாது என்றபோது சோள வயல் வரப்பில் ஓட்டம் பழக்கியவரே! ஒருமுறை, பெண்களுக்கு ஓட ஆர்வமில்லை என்று சொல்லி அணியை மூட மேலிடத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் பண்ணையில் மிஞ்சிய மாட்டு மணிகளை ஆளுக்கொன்று கொடுத்து, கூட்டம் முடியும்வரை அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஓடவிட்டீர்களே! உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லையாம். மூடவில்லை.

இப்போது மறுபடியும் மூடப் பார்க்கிறார்கள். இதைச் சொல்லாமல் இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டினால் அது பொய்ப் படம். ஜனவரியில் விளையாட்டுத் துறைத் தலைவர் டேரல் வாஸ் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கோச் போறாங்க, மிச்சம் நாலு பொண்ணுங்க. நாலு பேருக்கு எதுக்குப் புது கோச்? விருந்து நாளுக்குள்ள அஞ்சாவது ஆளக் காட்டுங்க, போடுறேன். இல்லேன்னா இதோட முடிச்சுக்கலாம்."

விடுதி விடுதியாக ஏறி இறங்கினீர்கள். ஒருத்தி சரி என்றாள். கால்பந்து அணிக்கு நல்ல பஸ் இருக்கிறது என்று அங்கே போய்விட்டாள். போன வாரம் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து, "நான் போறது பரவால்ல ஜோலீன். இந்தப் பொண்ணுங்களையும் சேத்து இழுத்துட்டுப் போறேனே," என்றீர்கள். உங்கள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். நான் பாட்டுக்குத் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். என்னடா இவள், கல் நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பீர்கள்.

அன்று காலைதான் நான் மாணவர் பதிவு அலுவலகத்துக்குப் போய், அணியில் ஓடுவதற்கு வயது வரம்பு உண்டா என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

"இல்லீங்க. யாரு, உங்க பேத்தியா ஓடப்போறா?"

"அவளுக்கு மூணு வயசும்மா. நான்தான்!"

இரண்டு ஆண்டுதான் ஓடியிருக்கிறேன். ஒரு மாணவி மொத்தம் நான்கு ஆண்டு ஓடலாம் என்பதால் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருக்கிறதாம். இங்கே வேலை பார்த்தவர்களுக்குப் படிப்பு இலவசம். துணி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். விட்ட படிப்பைத் தொடரப்போகிறேன்; செப்டம்பரிலிருந்து நான் மூன்றாம் ஆண்டு மாணவி. டாக்டர் என் இதயத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டேரல், நீங்கள் கேட்ட ஐந்தாவது ஆள் இதோ, மைக் முன்னால் நிற்கிறாள். சிரியுங்கள், பரவாயில்லை. உங்கள் மாணவ நாளில் உங்கள் காலுறைகளைத் துவைத்தவள் நான்; அதைவிடவா ஒரு சோதனை வந்துவிடப்போகிறது? ஐந்து பேரும் ஓடி முடிக்க வேண்டும் என்றுதான் விதி. எப்போது முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. புது கோச்சைத் தேடுங்கள். நல்ல ரப்பர் பூட்ஸ் வைத்திருப்பவராகப் பாருங்கள்; சேற்றில் நிற்க வேண்டியிருக்கும்.

கோச், அழாதீர்கள். நீங்கள் நோய் நொடியின்றி, நல்ல தூக்கமும் நடை தளராத கால்களுமாய், நெடுங்காலம் வாழ வேண்டும். ஓய்வு உங்களுக்குத்தான், அணிக்கு இல்லை. செப்டம்பரில் முதல் போட்டியன்று கடைசி மேட்டின் அடிக்கு வந்துவிடுங்கள். நான் வர நேரமாகும். கோடு எங்கேயும் ஓடிப்போகாது, நீங்களும் போய்விடாதீர்கள்.

இந்த மடலைச் சுற்றி அகலமாக ஓரம் விட்டிருக்கிறேன். என்றைக்காவது ஐந்தாவதாக வந்தவர்கள் எல்லோரும், அன்று என்ன நடந்தது என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமைதான் சட்டம் போடக் கொடுக்கிறோம்.

இனி சாப்பிடலாம். டேரல், வரிசையில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முதல் தட்டு எனக்கு.

இப்படிக்கு,
ஓடியவர்கள், ஓடுகிறவர்கள், துணி அறை ஊழியர்கள் சார்பில்,
ஜோலீன் ப்ராட், ஐந்தாவது ஆள்
ஹாலன் பல்கலைக்கழகம், மே 2014