மூன்று நாள் பேசாத ராணி

— அதான் பாவா, புருசனுக்குப் பதிலா நான் சாவறேன்னு சொல்லிட்டு அந்த ராணி எமன்கூட போயிட்டா. அதோட உங்க கடுதாசி முடிஞ்சு போச்சு. மீதிய அடுத்ததுல எழுதறேன்னு போட்டிருந்தீங்க.

— நல்லா கீது தேவகி. நான் இந்த சத்திரத்துக்கு வந்து மூணு நாளாச்சு. இன்னிக்குத்தான் எதிர்ல வர்ற. ரெண்டு வருசம் கழிச்சு புருசன் மூஞ்சியப் பாத்துட்டு, மொதல்ல கேக்கறது கிரேக்க நாட்டு ராணி கதையா?

— வேற இன்னா கேக்கறது? கால் எப்பிடி கீதுன்னு கேட்டா அழுதுடுவேன். களி ஆறிடும், துன்னுங்க.

— வாசப்படிக்கு அந்தாண்டயே ஏன் குந்திக்கினு கீற? உள்ள வா.

— சடங்கு முடியற வரைக்கும் உங்க எதிர்லயே வரக்கூடாதுன்னு சாஸ்திரிகாரு சொல்லியிருக்காரு. அத்தை கொளத்தாண்ட போயிருக்காங்க. அதான் நான் சோறு எடுத்தாந்தேன்.

— நான் இன்னா பேயா?

— செத்தவரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சவரு. தங்கவேலுன்னு பேரு சொல்லி எள்ளுத்தண்ணி வுட்டாச்சு. எனக்கும் எல்லாம் முடிஞ்சுது. பாக்கறீங்க இல்ல.

— பாக்கறேன். உன் நெத்தியப் பாக்கறதுக்கு அந்தக் கண்ணிவெடியே தேவல. எல்லாம் கஜபதியால வந்த வெனை, கேட்டியா. என் ரெண்டு கையும் வெந்து கட்டு போட்டு வெச்சிருந்தாங்க. நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதினான். எங்க பட்டாளத்துல லாரி மெக்கானிக்கு, அரக்கோணத்துக்காரன். கையெல்லாம் கிரீசு. கடுதாசி மூலையில கட்டைவிரல வெச்சுட்டான் போல கீது.

— வெச்சாரு. கன்னங்கரேல்னு. அதுக்குப் பத்து நாள் முந்திதான் பலத்த காயம்னு தந்தி வந்துச்சு. அப்பால மூலையில கருப்பு தடவின கடுதாசி வந்தா, அது சாவு சேதிதானே? அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அத வூட்டுக்குள்ள எடுத்தாறக் கூடாதுன்னு தெருவிலயே கிழிச்சுப் போட்டுட்டாங்க. தறிய வுட்டு நான் ஓடியாறதுக்குள்ள எல்லாம் காத்துல போயிடுச்சு.

— கை ஆறினப்புறம் நானே நாலு கடுதாசி எழுதினேனே!

— சண்டையில இருந்து கடுதாசி ஆறு மாசம் கழிச்சு வருமாம். நீங்க உயிரோட இருந்தப்ப எழுதினது இப்பத்தான் வருதுன்னு நெனைச்சாங்க. செத்தவரு கையெழுத்து வூட்டுல இருக்கக் கூடாதுன்னு, என் கண்ணுல காட்டாம கொளத்துல வுட்டுட்டாங்க. மாசாமாசம் வந்த பணத்தையும் பென்சன்னு நெனைச்சுக்கினோம்.

— மெய்யாலுமே நான் செத்துத்தான் போயிருக்கேன்.

— கிழிச்ச கடுதாசியிலதான் ராணி கதையோட மீதி இருந்துச்சா?

— ஆங்.

— அப்ப சொல்லுங்க. ஒன்ற வருசமா அவள எமன் வூட்டுலயே வுட்டு வெச்சிருக்கேன்.

— சரி, கேளு. அடிபடறதுக்கு முந்தி, எங்க முகாம்ல துணி தொவைக்க ஒரு பொம்பள வரும். பேரு எலேனி. தலையில இருந்து கால் வரைக்கும் கருப்பு. அந்த ஊருல புருசன் செத்தா கருப்புதான் கட்டணும். எங்க ஹவில்தாருக்கு அவுங்க பாஷை கொஞ்சம் வரும். அது சொல்லும், இவரு எங்களுக்குச் சொல்லுவாரு. சன்னல்ல இருந்து பாத்தா கடலுக்கு அந்தாண்ட ஒரு மலை தெரியும், வெள்ளையா, பனி மூடி. ஒலிம்போசுன்னு பேரு. அது மேலதான் பன்னெண்டு பெரிய சாமியும் குந்திக்கினு கீறாங்களாம்.

— எத்தன படி?

— படியே கெடையாது. மனுசங்க யாரும் ஏறக் கூடாது.

— ஏறிப் போயி பாக்க முடியாத சாமிகிட்ட எப்பிடி கேக்கறது?

— கீழ இருந்துதான் கத்தணும். அந்தப் பன்னெண்டுல சண்டைக்குன்னே ஒரு சாமி, ஆரிசுன்னு. ரத்தம் பாத்தாத்தான் அவனுக்கு சந்தோசம். பெத்த அப்பனுக்கே அவனப் புடிக்காது.

— நம்ம சாமி சூரன கொன்னுட்டு, கோவம் தணியணும்னு இந்த மலைக்கு வந்தாரு. அதனாலதானே சஷ்டிக்கு எல்லா ஊருலயும் சூரசம்ஹாரம் நடக்குது, இங்க மட்டும் பூவால அர்ச்சன பண்றாங்க. அந்த ஆரிசு எந்த மலைக்குப் போயி தணிஞ்சாரு?

— தணியலியே. அதான் நாங்க அங்க போக வேண்டியதாச்சு.

— ...கதைய சொல்லுங்க பாவா.

— ராஜா பேரு அத்மிதோசு. ராணி பேரு அல்கிஸ்தி. ராஜாவுக்கு ஒரு சிநேகிதன், இராக்லிசுன்னு. நம்ம பீமன் மாதிரி வெச்சுக்கோ. தொட்டில்ல கெடந்தப்பவே ரெண்டு பாம்ப கழுத்த நெறிச்சுக் கொன்னவன். தோள்ல சிங்கத் தோலு போட்டுக்கினு திரிவான்.

— மனுசனா, சாமியா?

— பாதி பாதி. அப்பன் ஜீயூசு, இடிய கையில வெச்சிருக்கற பெரிய சாமி. அம்மா மனுசி.

— இந்திரன் மாதிரியா?

— இந்திரன் மாதிரியேதான். எல்லா விசயத்துலயும்.

— ஐய! போதும், மேல சொல்லுங்க.

— இராக்லிசு வழியில ராஜா வூட்டுக்கு வரான். சாவு வூடுன்னு தெரிஞ்சா விருந்தாளி திரும்பிப் போயிடுவான்னு ராஜா ஒண்ணும் சொல்லல. இவன் வயிறு முட்டத் துன்னுட்டு, குடிச்சுட்டு, பாடிக்கினு கெடக்கான். அப்பால வேலைக்காரன் சொல்லித்தான் ராணி செத்தது தெரியுது. வெக்கமாப் போச்சு அவனுக்கு. நேரா சுடுகாட்டுக்குப் போயி ஒளிஞ்சு நின்னான். எமன் வந்ததும் பாஞ்சு மல்லு கட்டி, வெலா எலும்பு நொறுங்க இறுக்கி, ராணியப் புடுங்கிக்கினு வந்துட்டான்.

— அந்த ஊரு எமனுக்கும் எருமை உண்டா?

— எருமை இல்ல. பாதாளத்து வாசல்ல மூணு தல நாயி கட்டியிருக்கும். அதையும் ஒரு தபா இஸ்துகினு வந்தவன்தான் இவன்.

— அப்பால?

— ராணி மூஞ்சிய துணியால மூடி ராஜாகிட்ட கூட்டியாறான். ராஜா துணிய எடுத்துப் பாத்தா, பொண்டாட்டி! ஆனா அவ வாயத் தொறக்கல. எமன் வூட்டுத் தீட்டு கழியணும், இவ மூணு நாள் பேச மாட்டான்னு சொல்லிட்டு இராக்லிசு போயிட்டான்.

— அவளுக்கும் தீட்டா?

— நம்ம ஊரு மாதிரியேதான், கேட்டியா.

— மூணு நாள் கழிச்சு இன்னா பேசினா?

— அதோட கதை முடிஞ்சுது.

— எலேனிகிட்ட நீங்க கேக்கலியா?

— தோணல. போன பொண்டாட்டி வந்துட்டா. அதுக்கு மேல இன்னா?

— திரும்பி வரியான்னு அவள யாராவது கேட்டாங்களா?

— செத்தவள எப்பிடிக் கேக்கறது? உசுரு வேணாம்னு யாரு சொல்லுவாங்க?

— யாரும் சொல்ல மாட்டாங்க. இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

— நைனா! களி துன்னியா? அடி தேவகி, நீ இன்னா பண்ற இங்க? தள்ளிக் குந்துடி!

— தள்ளிதான் கீறேன் அத்தை.

— என் அப்பனே தணிகேசா, நாளைக்கு ஒரு நாள் நல்லபடியா போயிடணும். நைனா, சாஸ்திரிகாரு எல்லாம் சொல்லிட்டாரு, கேளு. விடிஞ்சதும் கொளத்துல முழுக்கு, மொட்டை. அப்பால நான் மஞ்சப் பொடவையத் தளரக் கட்டிக்கினு குந்திப்பேன். நீ முந்தானைக்குள்ள பூந்து என் காலாண்ட வெளிய வரணும். வந்ததும் அழணும்.

— அம்மா, எனக்கு இருவத்தெட்டு வயசு.

— நாளைக்கு ஒரு நாள் வயசு. அழுதாத்தான் புள்ள. நாக்குல தேன் தடவி, காதுல பேரு வெப்பாங்க. அப்பத்தான் நீ ஊருக்கு உயிரோட கீறவன். அது வரைக்கும் செத்தவன்தான்.

— ஆச்சரியமா கீது. இதேதான் இராக்லிசுக்கும் பண்ணாங்க!

— அது யாருடா?

— அந்த ஊரு வீரன் அத்தை. எமன்கிட்ட மல்லு கட்டினவரு.

— ஜீயூசு பொண்டாட்டி ஏரா இருக்கா இல்ல, சக்களத்தி புள்ளன்னு அவன ஆயுசு பூரா வதைச்சவ. கடைசியில அவன் நெருப்புல வெந்து மேல் லோகத்துக்குப் போறான். அங்க அவ அவன மடியில போட்டு, தன் துணிக்குள்ள வுட்டு கீழ எறக்கி, இவன் நான் பெத்த புள்ளன்னுட்டா.

— வதைச்சவளே பெத்தாளா?

— ஆங்.

— நானும்தான் உன்ன வதைச்சேன் நைனா. ரெண்டு கையும் வெந்து, அந்த வேதனையிலயும் அனுப்பின கடுதாசி...

— வுடும்மா. நீ இன்னா பண்ணுவ?

— சரி, வுட்டேன். முழுக்கு முடிஞ்ச கையோட மலைமேல சன்னதியில மறுபடியும் இவ கழுத்துல தாலி கட்டணும். தாலிப் பொட்டு ஆசாரிகிட்ட கீது, வாங்கியாறேன். தேவகி, அவன் துன்னதும் நீ கெளம்பு.

— அம்மா போயிடுச்சு. நீ ஏன் தேவகி தல குனிஞ்சுட்ட? தாலின்னதும் சிரிப்பன்னு நெனைச்சேன்.

— பாவா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காம கேளுங்க.

— சொல்லு.

— ஏழாங்கிளாஸ் பாதியில என்ன நிறுத்தினது உங்களுக்குக் கட்டிக் குடுக்கத்தான். அழுதேன். யாரும் கேக்கல. அப்பால நீங்க நல்லவரா இருந்தீங்க, மறந்துட்டேன். தாலி எறக்கினப்புறம் தெருவுல எதிர்ல வர முடியல. மூலையில குந்திக்கினு பழைய பொஸ்தகத்த எடுத்தேன். ஆர்.கே.பேட்டை டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாங்க. எட்டாங்கிளாஸ் பரிச்சை எழுதி பாஸ் பண்ணிட்டேன்.

— பாஸா! நல்ல சேதிதானே, இத ஏன் அழுதுக்கினு சொல்ற?

— வேலூர்ல டீச்சர் டிரெயினிங் கீது. ரெண்டு வருசம். சின்ன வயசுல தாலி அறுத்தவங்களுக்குன்னு பத்து எடம். சோறு, துணி, தங்கறதுக்கு எடம், எல்லாம் அவுங்களே. அதுல ஒண்ணு எனக்குக் கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்.

— நாளைக்கு வெள்ளிக்கிழமை.

— ஆங். நாளைக்கு நீங்க தாலி கட்டினா அந்த எடம் போயிடும்.

— நான் திரும்பி வந்தது உனக்குக் கஷ்டமாப் போச்சு. அப்பிடித்தானே?

— ஐயோ, இல்ல பாவா! நீங்க வந்த சேதி கேட்டதும் மலையில ஒவ்வொரு படிக்கும் சூடம் ஏத்திக்கினே போனேன். முன்னூத்தி அறுவத்தஞ்சு. வெரலு சுட்டுக் கொப்பளிச்சிருக்கு, பாருங்க. நீங்க உசுரோட கீறதுதான் எனக்கு எல்லாமே. ஆனா இதுவும் வேணும். ரெண்டும் வேணும்னு கேக்கறது தப்பா?

— கட்டினப்புறம் வேற எங்கயாவது படி. நான் வேணாம்னா சொல்வேன்?

— நீங்க சொல்ல மாட்டீங்க. வருசம் திரும்பறதுக்குள்ள கையில புள்ள இருக்கும். தறி இருக்கும். அப்பால யாருக்கும் நேரம் இருக்காது, எனக்கும்.

— அதுக்கு நான் இன்னா பண்ணணும்?

— நாளைக்கு கொளத்துக்கு வராதீங்க.

— இன்னாது?

— சடங்கு முடியற வரைக்கும் நீங்க செத்தவருன்னு ஊரே சொல்லுது, சாஸ்திரிகாரு சொல்றாரு, அத்தை சொல்றாங்க. அப்ப டிரெயினிங் காயிதத்துல புருசன் இல்லன்னு நான் எழுதியிருக்கறது இன்னும் பொய்யில்ல. ரெண்டு வருசம் செத்தவராவே இருங்க பாவா. அப்பால நானே வந்து கொளத்துப் படியில நிக்கறேன்.

— இருட்டுல வெடிச்ச கண்ணிவெடி, வெந்த கை, நொண்டிப் போன கால், எட்டு மாசம் ஆஸ்பத்திரி. எல்லாத்தையும் தாண்டி வந்தது சத்திரத்துல பொணமா குந்திக்கினு இருக்கறதுக்கா?

— நானும் ஒன்ற வருசம் அப்பிடித்தான் குந்திக்கினு இருந்தேன்.

— உன் பேச்சுல நியாயம் இருக்கலாம் தேவகி. ஆனா முடியாது. எனக்காக இல்ல. நாளைக்கு நான் பொறக்கலன்னா எங்கம்மா செத்துடும்.

— சாக மாட்டேன்.

— அம்மா! எப்ப வந்த?

— ஆசாரி வூடு பூட்டிக் கெடந்துச்சு. திரும்பி வந்து தூணாண்ட நின்னு கேட்டுக்கினுதான் கீறேன்.

— அப்ப நீயே இவளுக்குச் சொல்லு.

— சொல்றேன். அன்னிக்கு அந்தக் கடுதாசி கையில இருந்தப்ப, உன் பேருல ஒரே ஒரு எழுத்து எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் கிழிச்சிருக்க மாட்டேன் நைனா.

— அது முடிஞ்ச கதைம்மா. இவ கேக்கறது பொய்யி.

— நீ உசுரோட இருக்கசொல்ல உனக்கு எள்ளுத்தண்ணி வுட்டேனே, அது இன்னா? கட்டினவன் இருக்கசொல்ல இந்தக் கையால இவ தாலிய எறக்கினேனே, அது இன்னா? என் பொய்யிக்கு இவ மூலையில கெடந்தா. கெடந்து சம்பாரிச்சது இந்த ஒரு காயிதம். அதையும் நானே கிழிக்கணுமா?

— அத்தை...

— அழாதடி. ஞாயித்துக்கிழமை ரயிலுக்குத் துணி எடுத்து வை.

— சாஸ்திரிகாருக்கு இன்னா பதிலு சொல்லுவ?

— எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன். நீ அரக்கோணத்துல கஜபதிகிட்ட போயி இரு. ரயில்வேயில ஏதாவது வேல கெடைக்கும்.

— அது வரைக்கும் நான் யாரும்மா? உனக்குப் புள்ளையா, இல்லியா?

— வயித்துல கீற புள்ள. மொத தபா பத்து மாசம் சொமந்தேன், இந்த தபா ரெண்டு வருசம் சொமக்கறேன். போ.